அங்குலத்தை மட்டும் சொல்லி விற்கப்படும் தொலைக்காட்சிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களிலும், அதையடுத்து வரும் சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலும், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள மின்சாதனக் கடைகள் பெரிய திரைத் தொலைக்காட்சிகளுக்கு விலைக்கழிவு அறிவிப்பதும், அந்த அறிவிப்புகள் பத்திரிகைகளில் முழுப் பக்கமாக வெளிவருவதும் வழமையாகிவிட்டன. அவற்றில் 43, 50, 55, 65 என்று அங்குலக் கணக்கு கொட்டை எழுத்தில் இருக்கும். மாதத் தவணை அதைவிடச் சற்றுச் சிறிய எழுத்தில் இருக்கும். வாங்குபவர் அறிய வேண்டிய மற்றவை பெரும்பாலும் இருப்பதில்லை. எங்கள் வீட்டிலும் 32 அங்குலத் திரையைக் கொடுத்துவிட்டு 55 அங்குலத்தில் ஒன்று வாங்குவதா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பிள்ளைகளுக்குப் பதில் சொல்வதற்கு முன்னர் அளவு நாடாவையும் மின்கட்டணப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பார்த்ததில் தெரிந்தவை மற்ற வீடுகளுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரிய திரை ஆடம்பரம் என்று கண்டிப்பது என் நோக்கமன்று. மின்கம்பியே இல்லாத காலத்தில், 12 வோல்ற் பற்றரியில் 14 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓடவிட்டு, முற்றம் நிறைந்த சனம் பார்த்த ஊர்கள் இவை. அந்தத் தலைமுறைக்குத் தெளிவான பெரிய படத்தில் ஆசை இருப்பதில் பிழையேதும் இல்லை. கண்பார்வை மங்கிய முதியவர்கள் திரையின் அடியில் ஓடும் செய்தி வரியை எழுந்து கிட்டப் போகாமல் வாசிப்பதும், துடுப்பாட்டத்தில் பந்து போன திசையைப் பார்த்து அறிவதும் உண்மையான நன்மைகளே. கொடுக்கும் காசுக்கு அந்தத் தெளிவு வீட்டுக்கு வந்து சேர்கிறதா என்பதே என் கேள்வி.

படத்தின் தெளிவைத் தீர்மானிப்பது முதலில் திரைக்குள் வரும் சமிக்ஞை. கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான பரப்புகைக் கோபுரம் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின்னர் எங்கள் பக்கத்தில் அன்ரெனாவுக்குப் படம் முன்னரைவிட நன்றாகவே பிடிக்கிறது. ஆயினும் புள்ளி விழாமல் பிடிப்பது வேறு, எச்டி எனப்படும் உயர் வரையறையில் வருவது வேறு. இலங்கையில் அன்ரெனா வழியாக வருவது இன்னமும் பழைய அனலொக் ஒளிபரப்புத்தான். பால் (PAL) எனப்படும் அந்த முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள் உண்டு, அவற்றிலும் கண்ணுக்குத் தெரியும் படமாக அமைபவை 576 கோடுகள் மட்டுமே. நேத்ராவையும் வசந்தத்தையும் சக்தியையும் அன்ரெனாவில் பார்க்கும் ஒரு வீட்டில் எந்த விலைக்கு எந்தத் திரையை மாட்டினாலும் உள்ளே வருபவை இந்த 576 கோடுகள்தான். கடைகளில் எச்டி ரெடி என்று விற்கப்படும் திரையில் பெரும்பாலும் அகலத்துக்கு 1366, உயரத்துக்கு 768 புள்ளிகள் இருக்கும். புல் எச்டியில் 1920க்கு 1080. 4கே என்றால் 3840க்கு 2160, அதாவது புல் எச்டியின் சரியாக நான்கு மடங்கு. சமிக்ஞையில் இல்லாத புள்ளிகளைத் தொலைக்காட்சி தானே ஊகித்து இட்டு நிரப்புகிறது. சில பெட்டிகள் அதைத் திறமையாகச் செய்கின்றன, மலிவானவை முகத்தை மெழுகு பூசியது போலாக்கிவிடுகின்றன. வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் துருசில் திறந்துவிட்ட தண்ணீர்தானே வயலுக்கு வரும்.

அடுத்தது, இருக்கும் தூரம். இதைக் கடைக்காரர் எவரும் கேட்டதாக நான் அறியேன். சாதாரணப் பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத்தான் தனித்தனியாகப் பிரித்தறியும். அதைவிட நெருக்கமானவை ஒன்றாகவே தெரியும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு, எந்தத் திரையை எந்தத் தூரத்தில் இருந்து பார்த்தால் எவ்வளவு நுணுக்கம் கண்ணுக்குப் படும் என்று பத்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்த பிள்ளையே கணித்துவிடலாம். எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா உதவியுடன் கட்டப்பட்ட, ஏறத்தாழ 550 சதுர அடி வீடு. வடக்கிலும் கிழக்கிலும் இவ்வாறு கட்டப்பட்டவை பல்லாயிரம் என்பதால் என் அளவு பலருக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். கதிரையின் முதுகில் இருந்து எதிர்ச் சுவருக்கு ஒன்பது அடி. இந்த ஒன்பது அடியில், 576 கோட்டு அன்ரெனாப் படம் 32 அங்குலத் திரையில் ஒழுங்காகவே தெரியும், ஏனெனில் அந்தத் திரையில் ஏழே முக்கால் அடிக்கு அப்பால் கோடுகளைக் கண் பிரித்தறியாது. அதே படத்தை 43 அங்குலத் திரையில் குறை தெரியாமல் பார்க்கப் பத்தரை அடி வேண்டும். 55 அங்குலத்தில் பதின்மூன்று அடிக்கு மேல் வேண்டும், அதாவது நாங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போக வேண்டும். பெரிய திரை வாங்கிய வீடுகளில் "பழைய ரீவியில் இதைவிடத் தெளிவாக இருந்ததே" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்; பெட்டியில் பிழையில்லை.

எதிர்த்திசையிலும் இதே கணக்கு வேலை செய்கிறது. உண்மையான உயர் வரையறைப் படம் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். 55 அங்குலப் புல் எச்டித் திரையின் புள்ளிகள் ஏழடி தாண்டினாலே தெரியா. ஆகவே ஒன்பது அடியில் இருப்பவருக்கு அதே அளவிலான 4கே திரை கூடுதல் நுணுக்கம் எதையும் காட்டப் போவதில்லை. 43 அங்குலத்தில் 4கே வாங்குபவர் அதன் முழுப் பயனையும் பெற மூன்றடிக்குள் போய் இருக்க வேண்டும். நிறமும் ஒளிச்செறிவும் நன்றாக இருக்கலாம் என்பது வேறு விடயம். 50 அங்குலத்துக்கு மேல் இப்போது கடையில் இருப்பவை பெரும்பாலும் 4கே தான் என்பதால் அங்கே தெரிவுக்கு இடமில்லை. ஆனால் 43இல் இரண்டும் கிடைக்கும்போது, 4கே என்ற பெயருக்காக மட்டும் மேலதிகமாகக் கொடுக்கும் காசு ஒன்பதடி வீட்டில் கண்ணுக்குத் தெரியாத காசு.

செய்மதித் தொலைக்காட்சி இணைப்பு உள்ள வீடுகளுக்கு நிலைமை சற்று மேலானது. மாரிமழை கனக்கும்போது படம் நின்றுபோவதைத் தவிர்த்தால், தட்டு வழியாக வரும் உயர் வரையறை அலைவரிசைகள் பெரிய திரைக்குத் தகுதியானவையே. ஆனால் சந்தாப் பொதியில் அவ்வகை அலைவரிசைகள் எத்தனை, அவை நாம் பார்ப்பவையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எங்கள் உறவினர் ஒருவர் 50 அங்குலத் திரை வாங்கி, படம் கலங்கலாக இருக்கிறது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்க ஆயத்தமாகி, என்னை ஒருக்கால் வந்து பார்க்கச் சொன்னார். பெட்டியின் பின்பக்கம் பார்த்தபோது, செய்மதிப் பெட்டியில் இருந்து தொலைக்காட்சிக்குப் போயிருந்தது பழைய சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட வயர். மஞ்சள் முனை வழியாக வருவது எப்போதும் பழைய தரப் படம்தான். உள்ளே உயர் வரையறைச் சமிக்ஞை இருந்தாலும் அந்த வயர் அதைக் கடத்தாது. தூசி படிந்த அந்த மூன்று முனைகளையும் கழற்றிவிட்டு, செய்மதிப் பெட்டியுடன் வந்து உறையும் பிரிக்காமல் மேசை இலாச்சிக்குள் கிடந்த எச்டிஎம்ஐ வயரை மாட்டியதும், செய்தி வாசிப்பவரின் சேலைக் கரையில் இருந்த இழை வேலைப்பாடு வரைக்கும் தெரிந்தது. புதுத் தொலைக்காட்சிக்குக் காசு சேர்ப்பவர்கள் அதற்கு முன்னர் தங்களுடைய பழைய 32 அங்குலத்தின் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. சில வீடுகளில் வாங்க வேண்டியது ஒரு வயர் மட்டுமாக இருக்கும்.

இணையவழிப் பார்ப்பவர்களுக்கு வேகமும் தரவும் கணக்கு. புல் எச்டிக்கு விநாடிக்கு 5 மெகாபிற், 4கேக்கு 15 மெகாபிற் வேண்டும் என்று நெட்பிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. முதலாவது மணித்தியாலத்துக்கு இரண்டேகால் கிகாபைற்றுக்குக் கிட்டவும், இரண்டாவது ஆறே முக்கால் கிகாபைற்றுக்குக் கிட்டவும் தின்றுவிடும். நகரத்தில் கண்ணாடியிழை இணைப்பு உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ 4ஜி ரவுட்டரில் மாதப் பொதியை வைத்துப் பிள்ளைகளின் படிப்பையும் பார்ப்பவர்கள் கவலைப்படத்தான் வேண்டும்.

மின்கட்டணம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் விலைச்சீட்டில் இல்லாத விலை அதில்தான் ஒளிந்திருக்கிறது. 32 அங்குல எல்ஈடித் தொலைக்காட்சி ஒன்று ஏறத்தாழ 40 வாற் எடுக்கிறது. 43 அங்குலம் 75 வாற் அளவில். 55 அங்குலம் 120 வாற் அளவில், பிரகாசத்தைக் கூட்டி வைத்தால் அதற்கும் மேல். நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் ஓடுகிறது என்றால் மாதத்துக்கு 32 அங்குலத்துக்கு 6 அலகும், 43க்கு 11 அலகுக்குச் சற்று மேலும், 55க்கு 18 அலகும் செல்லும். 12 அலகு என்ன பெரிய கூடுதல் என்று தோன்றலாம். ஆனால் வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் மாதம் 60 அலகு என்பது ஒரு மதில். அதற்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை. அதைத் தாண்டிய வீட்டுக்கு வேறு அட்டவணை, அதில் தாண்டிய அலகுகளுக்கு மட்டுமன்றி முதலாவது அலகில் இருந்தே கூடிய விலை, நிலையான கட்டணமும் கூட. விகிதங்கள் கடந்த சில ஆண்டுகளில் பலமுறை ஏறி இறங்கினாலும் இந்த 60 அலகு எல்லை மாறவில்லை. மாதம் 52 அலகு பாவிக்கும் ஒரு வீட்டில் 32ஐ எடுத்துவிட்டு 55ஐ வைத்தால் பாவனை 64 ஆகி மதிலுக்கு அப்பால் போய்விடும். 43ஐ வைத்தால் 57 அல்லது 58இல் நின்றுவிடும். குளிர்சாதனப் பெட்டியும் நீர்ப்பம்பியும் உள்ள வீடுகள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருக்கும், அவர்களுக்கு இந்த வாதம் அவ்வளவு பொருந்தாது. எல்லைக்கு இப்பால் நிற்பவை பெரும்பாலும் சிறு வருமானமுள்ள வீடுகள், தவணைக்கு வாங்குபவையும் அவையே என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தொலைக்காட்சியின் பின்பக்க ஒட்டுச்சீட்டில் எத்தனை வாற் என்று எழுதப்பட்டிருக்கிறது; கடையில் நிற்கும்போதே அதைத் திருப்பிப் பார்க்கலாம். புதுப்பெட்டியைக் கடை அமைப்பிலேயே கண் கூசும் பிரகாசத்தில் விட்டுவைக்காமல் வீட்டு அமைப்புக்கு மாற்றினால் கண்ணுக்கும் இதம், அலகும் குறையும்.

மின்னழுத்தம் குறைவதைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. இன்றைய பெட்டிகளில் பல 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. அஞ்ச வேண்டியது இடிமின்னலுக்கு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் முழங்கத் தொடங்கும்போது பிளக்கைக் கழற்றுபவர்கள்கூட, உயர்ந்த குழாயில் நிற்கும் அன்ரெனாவில் இருந்து வரும் வயரை மறந்துவிடுகிறார்கள். மின்னலால் வரும் சேதத்தை உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை. திரை உடைந்தால் அதன் விலை பெட்டியின் விலைக்குக் கிட்ட வரும் என்பதையும், 55 அங்குலத்தை நிமிர்த்தியபடி ஏற்ற முச்சக்கர வண்டி போதாது என்பதையும், வவுனியாவில் வாங்கியதைப் பழுதுபார்க்க மீண்டும் வவுனியாவுக்கே கொண்டு போக நேரலாம் என்பதையும் நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்தில் இருப்பவர்கள் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இன்னொரு விடயம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. தரைவழி ஒளிபரப்பை இலக்கமுறைக்கு மாற்றுவதற்காக ஜப்பானிய ஐஎஸ்டிபி-ரி முறையை இலங்கை 2014ஆம் ஆண்டிலேயே தெரிவு செய்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் கூரைகளுக்கு வருவது அனலொக்தான். அந்த மாற்றம் நடந்தால் சந்தாக் கட்டாமலே அன்ரெனாவில் உயர் வரையறைப் படம் வரக்கூடிய வழி திறக்கும். பெரிய திரைக்கான நியாயமும் அன்றுதான் வன்னியின் பெரும்பாலான வீடுகளுக்கு முழுமையாகப் பொருந்தும். ஆனால் இன்று விற்கப்படும் பெட்டிகளில் அந்த முறையை வாங்கும் கருவி உள்ளே இருக்கிறதா, அல்லது வேறு நாட்டு முறைக்குரியது இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள்? இல்லாவிட்டால் பின்னர் தனிப் பெட்டி ஒன்று வாங்கி இணைக்க வேண்டிவரும். பெரிய இழப்பில்லைத்தான், ஆயினும் தெரிந்து வாங்குவதே முறை.

தவணை முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுண்நிதிக் கடன் எங்கள் ஊர்ப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்று தங்கள் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. மாதத் தொகையைக் கொட்டை எழுத்தில் போடுபவர்கள் எல்லாத் தவணையும் கட்டி முடித்தபின் ஆகும் மொத்தத் தொகையை அதற்குப் பக்கத்திலேயே போட்டால் போதும்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, அன்ரெனாவும் ஒரு செய்மதி இணைப்பும் உள்ள, ஒன்பதடித் தூரத்தில் இருந்து பார்க்கும், 60 அலகுக்குள் நிற்கும் வீடு என்பதால், 43 அங்குலப் புல் எச்டி போதும் என்று முடிவெடுத்திருக்கிறோம். 32இன் பரப்பைவிட அது ஏறத்தாழ 1.8 மடங்கு என்பதால் பெரிதாக்கினோம் என்ற திருப்தி பிள்ளைகளுக்கும் கிடைக்கும். அன்ரெனாப் படம் சற்று மென்மையாகத் தெரிவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மகன் இன்னமும் 55க்கு வாதாடுகிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை: பெட்டி பத்தாண்டு நிற்கும், அதற்குள் ஒளிபரப்பு மாறிவிடும் என்கிறான். ஒளிபரப்பு மாறும்போது இதைவிட நல்ல திரை இதைவிடக் குறைந்த விலைக்கு வந்திருக்கும் என்பது என் பதில். பன்னிரண்டு, பதின்மூன்று அடி நீளமான ஹோல் உள்ளவர்களும், உயர் வரையறை அலைவரிசைகளுக்குச் சந்தாக் கட்டுபவர்களும் 55ஐத் தாராளமாக வாங்கலாம். அன்ரெனா மட்டும் உள்ளவர்கள், இருக்கும் 32 பழுதாகாவிட்டால், அதை வைத்துக்கொண்டு பொறுத்திருப்பதே உசிதம் என்பது என் கருத்து.

கடைக்குப் போபவர்கள் ஒரு சிறு காரியம் செய்து பார்க்கலாம். அங்கே திரைகளில் ஓடிக்கொண்டிருக்கும் பவளப்பாறை மீன்களும் பழச்சாறு தெறிக்கும் காட்சிகளும் பென்ட்ரைவில் இருந்து ஓடும் 4கே மாதிரிப் படங்கள். அதை நிறுத்திவிட்டு, கடைக் கூரையில் உள்ள அன்ரெனாவைப் பொருத்தி மாலைச் செய்தியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்போது உங்கள் வீட்டுத் தூரத்துக்குப் பின்வாங்கி நின்று பாருங்கள். வீட்டில் காணப்போகும் படம் அதுதான். அனலொக் ஒளிபரப்பில் சில நிகழ்ச்சிகள் இன்னமும் நான்குக்கு மூன்று என்ற பழைய வடிவில் வருகின்றன, அவற்றைத் திரை முழுவதற்கும் இழுத்துவிட்டால் எல்லோரும் பருத்துப்போய்த் தெரிவார்கள். அதையும் அப்போதே கண்டுகொள்ளலாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொருட்களின் சுட்டுத்துண்டு, விலைக்குறிப்பு ஆகியவை தொடர்பாக வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் இருக்கிறது. மின்குமிழ்ப் பெட்டியில் நட்சத்திரக் குறி போட முடிந்த நாட்டில், தொலைக்காட்சியின் விலைச்சீட்டில் அங்குலத்துடன் சேர்த்துப் புள்ளிகளின் எண்ணிக்கை, வாற் அளவு, உள்ளே இருக்கும் ஒளிபரப்பு வாங்கியின் முறை, தவணையின் மொத்தத் தொகை ஆகிய நான்கையும் தமிழில் குறிக்கும்படி செய்வது கடினமான காரியமன்று. அதிகார சபை முன்வரும்வரை, தங்கள் பத்திரிகையில் வெளியாகும் விளம்பரங்களிலாவது இந்த விபரங்களைக் கேட்டு வாங்கிப் பிரசுரிக்கத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அறுவடைக்கால விளம்பரங்கள் அச்சுக்குப் போவதற்கு முன்னர் அது நடந்தால் பலருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
பரந்தன்.